மரியாதை தெரியாதவன் பிரஞ்சுக்காரனா, நாமா?

சென்ற மாதம் ஒரு நாள் காலை, சேலத்திலிருந்து குப்பனூர் வழியாய் ஏற்காட்டுக்குப் புறப்பட்டோம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பெரிய ரோடு ஒன்று உண்டு என்பதும், மழைக்காலத்தில் அதில் மண் சரிந்துவிட்டால் குப்பனூர், கொட்டச்சேடு வழியாக மலையேற வேண்டும் என்பதும் அப்பக்கத்தாருக்குத் தெரிந்த சங்கதி. அடிவாரத்தில் ஒரு டீக்கடையில் சற்று உட்கார்ந்தோம். எதிர் பெஞ்சில் காரில் வந்த ஒரு கனவானும் அவருடைய சிநேகிதரும் இருந்தார்கள். கனவானுடைய மகன் லண்டனில் உத்தியோகம் பார்க்கிறானாம். அவனைப் பார்க்கப் போனவர் அப்படியே பாரிஸ் பட்டணத்துக்கும் போய் 4 நாள் தங்கிவிட்டு வந்தாராம். அந்தப் பிரயாண மகிமையைத்தான் சிநேகிதருக்குச் சொல்லிக் கொண்டிருந்தார்.

"பிரஞ்சுக்காரனைப் போல் மரியாதை கெட்டவன் உலகத்திலேயே கிடையாது. இங்கிலீஷில் வழி கேட்டால் முகத்தைத் திருப்பிக் கொள்ளுகிறான். இங்கிலீஷ் தெரியாமலா? தெரியும். அத்தனையும் திமிர்! லண்டனில் வெள்ளைக்காரர்களே இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்" என்றார்.

இந்தச் சமயத்தில் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெரியவர், தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கடை ஓரமாய் நின்றார். கனவானைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவராய் இருப்பார். நம் கனவான் காரில் ஏறப் போனவர் திரும்பிப் பார்த்து, "டேய் பெருசு, இந்த ரோடு நேரா ஏற்காடு போகுமாடா?" என்று கேட்டார்.

பெரியவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "போகுமுங்க சாமி. கொட்டச்சேடு தாண்டிப் போகோணுமுங்க" என்று பணிவாய்ச் சொன்னார். கனவான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

"ஐயா, அவர் உங்களை 'டா' போட்டுப் பேசினாரே, உங்களுக்கு வருத்தமாயில்லையா?" என்று கேட்டோம். பெரியவர் சிரித்தார். "எங்கப்பன் காலத்துல துரைங்க சொன்னாங்க. இப்ப இவங்க சொல்றாங்க. ஆளுதானுங்க மாறுச்சு" என்றார்.

இந்த இரண்டு சங்கதிகளையும் சேர்த்து வைத்து யோசிக்கவே இதை எழுதுகின்றோம். பாரிஸில் தனக்கு மரியாதை கிடைக்கவில்லை என்று 6 மாதம் கழித்தும் பொருமுகின்ற ஒருவருக்கு, குப்பனூரில் தாம் செய்தது என்னவென்று 6 நிமிஷம்கூடத் தெரியவில்லையே, அது ஏன்?

முதலாவது, பிரஞ்சுக்காரன் மரியாதை கெட்டவன் என்கின்ற அபிப்பிராயம் நம் கனவானுக்குச் சொந்தமானதல்ல. அது இங்கிலீஷ்காரனிடம் கடன் வாங்கியது. ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிப் போனால் இங்கிலீஷ்காரன் அதற்குப் 'பிரஞ்சு லீவு' என்று பெயர் வைத்திருக்கிறான். பிரஞ்சுக்காரனோ அதே காரியத்தை 'இங்கிலீஷ்காரனைப் போல் நழுவுதல்' என்கிறான்! வாயில் கெட்ட வார்த்தை வந்துவிட்டால், 'என் பிரஞ்சை மன்னிக்கவும்' என்பது இங்கிலீஷ்காரனுடைய வழக்கம். மேக வியாதிக்கு அவன் ஒரு காலத்தில் 'பிரஞ்சு வியாதி' என்று பெயரிட்டான். பிரஞ்சுக்காரன் அதை இத்தாலியிலுள்ள நேப்பிள்ஸ் ஊரின் தலையில் கட்டினான். நாம் மட்டும் யோக்கியர்களா? அதே வியாதிக்குப் 'பறங்கிப் புண்' என்று பெயர் வைத்து, அதற்கு மருந்தாகப் பறங்கிப்பட்டையை நாட்டு மருந்துக் கடையில் விற்கின்றோம். பறங்கி என்பது பிராங்க் என்ற சாதியாரின் பெயரிலிருந்து வந்த சொல். பிரான்ஸ் என்ற தேசப் பெயருக்கும் அதுவே மூலம். ஆகவே, தன் வீட்டு அழுக்கை அடுத்த வீட்டான் பெயரில் எழுதி வைப்பது எல்லா நாட்டாருக்கும் பொதுவான குணமேயொழிய, அதில் உண்மை இருக்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, பாரிஸ் கடைக்காரன் ஏன் முகத்தைத் திருப்பிக் கொண்டான்? அந்த நாட்டில் கடைக்குள் நுழைகிறவன் முதலில் 'போன்ழூர்' என்று வந்தனம் சொல்ல வேண்டும், பிறகுதான் சங்கதி. நம் கிராமத்திலும் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் "வாங்க, சௌக்கியமா, தண்ணி குடிங்க". பிறகுதான் வந்த காரியம். ஒருவன் நம் வீட்டுத் திண்ணையில் ஏறி, நமக்கு விளங்காத பாஷையில், வந்தனமும் சொல்லாமல், "கழிப்பறை எங்கே?" என்று கேட்டால் நாம் அவனுக்கு ஆரத்தி எடுப்போமா? பிரஞ்சுக்காரன் செய்ததும் அவ்வளவுதான். அவன் நாட்டில் அவன் பாஷையில் ஒரு வார்த்தையாவது சொல்லு என்று எதிர்பார்க்கிறான். இது திமிரானால் மானம் என்பது வேறு எது?

அன்றியும், பிரஞ்சுக்காரன் பிற பாஷை பேசமாட்டான் என்ற கனவான் கார் ஏறிப் போன ஊர் எது? ஏற்காடு! அங்கே இங்கிலீஷ் படிப்புக்குப் பேர்போன பள்ளிக்கூடங்களை வைத்தவர்கள் யார்? 1894இல் கன்னியாஸ்திரீ மடத்துப் பள்ளியை வைத்த குளூனி சபையும், 1917இல் மாண்ட்போர்ட் பள்ளியை வைத்த கபிரியேல் சபைச் சகோதரர்களும் பிரான்ஸ் தேசத்தில் பிறந்த சபைகள்தான். சேலம் ஜில்லாவில் கத்தோலிக்க மதத்தைப் பரப்பியவர்களும் பாரிஸிலிருந்து வந்த பாதிரிமார்களே. 1930இல் சேலத்துக்கென்று தனியாக மேற்றிராசனம் ஏற்பட்டபோது முதல் பிஷப்பாக வந்தவரும் ஒரு பிரஞ்சுக்காரர். புதுச்சேரியிலிருந்த பிரஞ்சுப் பாதிரிகள் முஸே, துப்புயி இருவரும் 1855 முதல் தமிழ்-பிரஞ்சு அகராதி ஒன்றைத் தொகுத்து அச்சிட்டார்கள். பாதிரிமார்களின் மதப் பிரசாரத்துக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. பிரஞ்சுக்காரன் அடுத்தவன் பாஷையைத் தொடமாட்டான் என்ற பேச்சு ஏற்காட்டு மலை ஒன்றினாலேயே பொய்த்துப் போகின்றது என்பதைத்தான் காட்டுகின்றோம்.

இனி இங்கிலீஷ்காரனுடைய பாஷை மரியாதையைப் பார்ப்போம். 1066இல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வில்லியம் என்பவன் படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடித்துக் கொண்டான். அது முதல் ஏறக்குறைய 300 வருஷகாலம் அங்கே அரசனுக்கும் பிரபுவுக்கும் பாஷை பிரஞ்சு, குடியானவனுக்கு இங்கிலீஷ். கோர்ட்டில் இங்கிலீஷில் வழக்காடலாம் என்று 1362இல் ஒரு சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்தையே பிரஞ்சில்தான் எழுதினார்கள்! இன்றைக்கும் இங்கிலாந்து அரசரின் சின்னத்தில் இருக்கிற 'கடவுளும் என் உரிமையும்' என்ற வாசகம் பிரஞ்சு வாசகம். ஆட்டையும் மாட்டையும் பன்றியையும் மேய்த்தவன் அவற்றை அழைத்த சொற்கள் இங்கிலீஷ். அவற்றின் கறியைத் தின்றவன் வாயிலிருந்து வந்த மட்டன், பீஃப், போர்க் என்ற சொற்கள் பிரஞ்சு. வளர்த்தவனுக்கு ஒரு சொல், தின்றவனுக்கு ஒரு சொல்! நம் நாட்டிலும் உழுதவன் தின்றால் சோறு, உட்கார்ந்து தின்றவனுக்கு அது சாதம். இறைத்தவனுக்குத் தண்ணீர், குடித்தவனுக்கு ஜலம் என்றிருப்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி 300 வருஷம் அடுத்தவன் பாஷைக்குக் கீழே கிடந்தவன், அதன் வேதனையை அறிந்தவன், நம் நாட்டுக்கு வந்தபோது என்ன செய்தான்? இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. இங்கிலீஷ் பாஷையில் இப்போது நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது. முன்னே 'தௌ' என்று ஒருமைச் சொல் ஒன்றிருந்தது. 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்ற கூட்டத்தார், பிரபுவானாலும் நீதிபதியானாலும் எல்லோரையும் அந்த ஒருமைச் சொல்லாலேயே அழைப்போம் என்று பிடிவாதம் செய்து அடியும் சிறையும் பெற்றார்கள். நாளடைவில் அந்தச் சொல் வழக்கொழிந்து, மரியாதைப் பன்மையாகிய 'யூ' ஒன்றே நிலைத்தது. அரசனுக்கும் யூ, தோட்டிக்கும் யூ, நாய்க்கும் யூ. ஆகவே தன் பாஷையில் எல்லோருக்கும் 'நீங்கள்' கொடுத்துப் பழகிய நாக்கு அவனுடையது. அந்த நாக்கு தமிழைக் கற்றபோது 'வாருங்கள்' என்றல்லவா கற்றிருக்க வேண்டும்?

கற்றது என்ன தெரியுமா? இலங்கையில் தோட்டத்துக்குப் புதிதாய் வந்திறங்கும் சின்னத்துரைகள் தமிழ் கற்றுக் கொள்வதற்காகக் கொழும்பில் பெர்குசன் கம்பெனியார் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டார்கள். அதன் பெயர் 'இங்கே வா'. ஆம் தோழர்களே, புத்தகத்தின் பெயரே அதுதான்! பிற்பாடு வெல்ஸ் என்பவர் எழுதிய மற்றொரு புத்தகத்துக்குப் பெயர் 'கூலித் தமிழ்'. நம் மக்கள் கப்பலேறிப் போய், காப்பிக்கும் தேயிலைக்கும் ரப்பருக்கும் காடு திருத்தினார்கள். அவர்கள் பேசிய பாஷைக்குக் கிடைத்த மரியாதை இது. வா, போ, எடு, வெட்டு என்ற ஏவல் சொற்கள் போதும் என்று துரைமார் முடிவு கட்டினார்கள். ஒரு மனிதனிடம் கேள்வி கேட்டு அவன் சொல்லும் பதிலைக் கேட்பதற்கு வேண்டிய தமிழ் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்த சேர்வராயன் மலையிலும் துரைத்தமிழ் என்னவாயிருந்தது என்பதற்குக் குப்பனூர்ப் பெரியவரே சாட்சி. போதாக்குறைக்கு, துரை வீட்டுச் சமையற்காரன் கேள்வி ஞானத்தால் கற்றுப் பேசிய இங்கிலீஷுக்குப் 'பட்லர் இங்கிலீஷ்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். பட்லராவது துரையின் பாஷையைப் பேச முயன்றான். துரை பேசிய தமிழைக் கேட்டுச் சிரிக்க இங்கே யாருக்குத் தைரியம் இருந்தது?

எல்லா இங்கிலீஷ்காரரும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. 1812இல் சென்னைக் கோட்டைக் கல்லூரி ஏற்படக் காரணமாயிருந்த எல்லிஸ் துரை, தென்னாட்டு பாஷைகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல என்று 1816இலேயே எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856இல் அதை விரிவாய் நிலைநாட்டினார். ஆனால் தோட்டத் துரைக்கும் போலீஸ் துரைக்கும் எல்லிஸ் கற்ற தமிழ் வேண்டியிருக்கவில்லை. 'இங்கே வா' தமிழே போதுமாயிருந்தது.

நிற்க. வெள்ளைக்காரனைத் திட்டி முடித்துவிட்டோம் என்று வாசகர்கள் சந்தோஷப்பட்டு எழுந்துவிட வேண்டாம். 'இங்கே வா' என்பதை அவனுக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார் யார்? அவன் பிறந்த ஊரில் அப்படி ஒரு சொல் வழக்கிலில்லையே! அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நம் முன்ஷி, நம் துபாஷி, நம் கங்காணி, நம் மணியக்காரன். சேரியிலிருக்கும் 80 வயதுக் கிழவரை மேல்சாதி வீட்டு 8 வயதுப் பையன் "வாடா, போடா" என்றும், கிழவர் அந்தப் பையனைச் "சாமி", "எசமான்" என்றும் கூப்பிட்ட நாடு இது. துரை வந்து கப்பலிலிருந்து இறங்கியபோது இந்த ஏற்பாடு தயாராயிருந்தது. நாற்காலி போட்டிருந்தது, அவன் வந்து உட்கார்ந்தான். 1947இல் அவன் எழுந்து போனான். நாற்காலி காலியாகவில்லை, நம் கனவான்கள் உட்கார்ந்து கொண்டார்கள். "ஆளுதானுங்க மாறுச்சு" என்ற பெரியவர் சொல்லில் ஒரு சரித்திரப் புத்தகமே இருக்கிறதா இல்லையா?

பிரஞ்சுக்காரன் மட்டும் புண்ணியவான் என்றும் யாரும் எண்ணிவிடக் கூடாது. அவன் பாஷையில் நம்மைப் போலவே 'த்யூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். தன் தேசத்துப் புரட்சியில், 1793 வாக்கில், உயர்வு தாழ்வு ஒழிய எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றே அழைக்க வேண்டும் என்று கிளர்ச்சி செய்தவன் அவன். அதே பிரஞ்சுக்காரன் தன் குடியேற்ற நாடுகளில் கறுப்பு மனிதரை மட்டும் 'நீ' என்று அழைத்து, கொச்சைப் பிரஞ்சில் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினான் என்பதை மார்த்தினிக் தீவில் பிறந்த டாக்டர் பிரான்ஸ் பனோன் 1952இல் எழுதிய புத்தகத்தில் நார் நாராய்க் கிழித்திருக்கிறார். நம் புதுச்சேரியிலேயே 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல், ஐரோப்பியரைப் போல் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்தார் என்பதற்காகத் தடுக்கப்பட்டார். அவர் பூட்ஸைக் கழற்றவில்லை. பாரிஸிலுள்ள பெரிய கோர்ட்டு வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். ஆகவே குணம் என்பது தேசத்தைப் பொறுத்ததல்ல. எதிரே நிற்கிறவன் திருப்பிக் கேட்கமாட்டான் என்ற தைரியம் எங்கே இருக்கிறதோ, அங்கே எந்தத் தேசத்தான் நாக்கும் கெட்டுப்போகும். இங்கிலீஷ்காரனுடைய அதட்டல் பாரிஸில் பலிக்கவில்லை, குப்பனூரில் பலித்தது. வித்தியாசம் அதட்டியவனிடம் இல்லை.

இதற்கு நம் கனவான்கள் ஒரு சமாதானம் சொல்லுவார்கள். "தமிழில் 'நீ' என்பது அன்பைக் காட்டும் சொல் ஐயா. தாயை நீ என்கிறோம், சிநேகிதனை நீ என்கிறோம், கடவுளைக்கூட நீ என்றுதான் பாடுகிறோம்" என்பார்கள். ரொம்ப சரி. தாயும் மகனை நீ என்கிறாள், மகனும் தாயை நீ என்கிறான். சிநேகிதர் இருவரும் மாற்றி மாற்றி அழைக்கிறார்கள். கடவுளோ என்ன சொன்னாலும் பதில் பேசாத ஆசாமி, அவரை விட்டுவிடுவோம். அன்பு என்றால் அது இரண்டு பக்கமும் போய்வர வேண்டும். குப்பனூர்ப் பெரியவர் கனவானைப் பார்த்து, "ஆமாண்டா தம்பி, நேராப் போடா" என்று அன்பாய்ப் பதில் சொல்லியிருந்தால் கனவான் கட்டித் தழுவியிருப்பாரா? காரிலிருந்து இறங்கி அடிக்க வந்திருப்பார். ஆகவே பரீட்சை ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் சொல்லுகிற வார்த்தையை அவர் திருப்பிச் சொன்னால் பொறுத்துக் கொள்வீர்களா? பொறுப்பீர்களானால் அது அன்பு. பொறுக்கமாட்டீர்களானால் அது அடிமைச் சீட்டு.

"மலைசாதியார் நாகரிகம் தெரியாதவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் உறைக்காது" என்பது மற்றொரு சமாதானம். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் கேரள தேசத்தாரல்லர். மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள்படும் பெயருடைய, தமிழ் பேசும் மக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுக்குள் வழங்கும் கதை. கதை எப்படியிருந்தாலும், காப்பித் தோட்டம் வருவதற்கு முன்னமே மலையில் குடியிருந்தவர்கள் அவர்கள். அவர்கள் ஊருக்கு நாம்தான் விருந்தாளிகள். பாரிஸில் நம் கனவான் எப்படி அந்நியரோ, அப்படியே ஏற்காட்டிலும் அந்நியர். பாரிஸில் அந்நியனாயிருந்தபோது மரியாதை கேட்டவர், ஏற்காட்டில் அந்நியனாயிருக்கும்போது மரியாதை கொடுக்க வேண்டாமா? காது மரத்துப்போன மனிதனைப் பார்த்து, உனக்கு உறைக்கவில்லை என்பது, மரத்துப்போகும்படி அடித்தவன் பேசும் பேச்சு.

இது மலையோடு நிற்கும் சங்கதியுமல்ல. இன்றைக்கு நம் ஊர்களில் வீடு கட்டவும் ஓட்டலில் பாத்திரம் கழுவவும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஏழைகள் வருகிறார்கள். அவர்களை 'வடக்கன்' என்று ஒரே பெயரால் அழைத்து, தமிழ் தெரியவில்லை என்று ஏளனம் செய்து, 'டேய்' போட்டு வேலை வாங்குகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். பம்பாய்க்குப் பிழைக்கப் போன நம்மவர் எந்த ஊராரானாலும் 'மதராசி' என்று ஒரே பெயரால் இழிக்கப்பட்டதையும், 1960களில் அங்கே தென்னாட்டார் மேல் கிளப்பிவிடப்பட்ட துவேஷத்தையும் மறந்துவிட்டோமா? இந்தி ஆதிக்கத்தை எதிர்ப்பது வேறு, இந்தி பேசும் கூலிக்காரனை அவமதிப்பது வேறு. ஆதிக்கம் செய்கிறவன் டில்லியிலிருக்க, சாரத்தின் மேல் நின்று செங்கல் சுமக்கிறவனிடம் வீரம் காட்டுவதில் என்ன யோக்கியதை இருக்கிறது?

கடைசியாகச் சொல்லுகிறோம். சேலம் பக்கத்தார் "ஏனுங்க", "வாங்க", "சொல்லுங்க" என்று எதற்கும் 'ங்க' போட்டுப் பேசுகிறவர்கள் என்று பெருமை கொள்ளுகிறார்கள். அந்த 'ங்க' காரில் வருகிறவருக்கு மட்டும் உரியதானால் அது மரியாதையல்ல, பயம். தலைச்சுமை சுமக்கிறவருக்கும், தெருக் கூட்டுகிறவருக்கும், வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்கும் தாராளமாய்க் கிடைத்தால்தான் அது மரியாதை. இதற்குச் சட்டம் வேண்டியதில்லை, பணம் வேண்டியதில்லை, கூட்டம் போட வேண்டியதில்லை. இன்றைக்கே, இந்த நிமிஷத்திலேயே ஒவ்வொருவரும் செய்யலாம். வீட்டிலுள்ள சிறுபிள்ளைகளை முதலில் பழக்குங்கள்; பெரியவர்கள் நாக்கு அதைக் கேட்டுத் திருந்தட்டும்.

மலையிலிருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் 'சாமி'யை விட்டுவிட வேண்டும். துண்டு தோளிலேயே இருக்கட்டும். மரியாதை கெட்டு ஒருவர் வழி கேட்டால், பாரிஸ்காரன் செய்ததைத் தாங்களும் செய்யுங்கள்: முகத்தைத் திருப்பிக் கொள்ளுங்கள். குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வரையில் இப்படி நான்கு பேர் முகத்தைத் திருப்பிக் கொண்டால், 'டா' போடும் கனவான் எவரும் ஏற்காடு போய்ச் சேரமாட்டார். சேர வேண்டுமானால் கார்க் கண்ணாடியை இறக்கி, "ஐயா, வணக்கமுங்க" என்று ஆரம்பிக்கக் கற்றுக் கொள்வார்.